பறவை போட்டோகிராபி ஒர்க்‌ஷாப் போறீங்களா? பணம் கட்டுவதில் இருந்து பேக் கட்டுவது வரை... முழு விவரம்!

வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பியதும் சென்னையைச் சுற்றி இன்னொரு சீசனும் சூடுபிடிக்கும். அதுதான் பறவை போட்டோகிராபி சீசன். வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை, பழவேற்காடு என்று வார இறுதி நாட்களில் எட்டு பத்து பேர் கொண்ட சிறு குழுக்கள் கேமராவோடு கிளம்பிவிடுகின்றன. ஒரு பயிற்சியாளர், ஒரு வேன், ஒரு நாள். கட்டணம் சில ஆயிரங்கள்.

இந்த ஒரு நாளில் பறவைகளைப் படம் எடுக்க நல்ல வெளிச்சம் கிடைப்பது அதிகபட்சம் நான்கைந்து மணி நேரம்தான். காலையில் இரண்டரை மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் மெமரி கார்டு நிரம்பிவிட்டது, பேட்டரி சார்ஜ் இல்லை, ஃபோகஸ் மோடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் கட்டிய பணம் வீண்தான். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்றும் உண்டு. ஏரிக்குள் ஒரு குழு தப்பாக நடந்துகொண்டால், அதற்கான விலையைக் கொடுப்பது கூட்டில் இருக்கும் குஞ்சுகள்.

எனவே, முதல் முறை செல்பவர்கள் எப்படித் தயாராக வேண்டும்? வேடந்தாங்கலை உதாரணமாக வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எதற்கு வேடந்தாங்கல்?

செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னையில் இருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம். பரப்பளவு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். ஆனால் ஏரிக்கு நடுவில் நிற்கும் மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டுகின்றன. 2022-ம் ஆண்டு சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது.

புதிதாகக் கற்பவர்களுக்கு இந்த இடம் வசதியானது. பறவைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. கரையில் நின்றபடியே கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா எல்லாவற்றையும் பார்க்கலாம். பொதுவாக நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். மழை தாமதமானால் சீசனும் தள்ளிப்போகும். ஏரியில் தண்ணீர் இல்லாவிட்டால் பறவைகளும் இருக்காது.

பணம் கட்டும் முன் என்ன கேட்கணும்?

இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைப் பார்த்து உடனே யுபிஐ-யில் பணம் அனுப்புவதற்கு முன், ஏற்பாட்டாளரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது.

1. குழுவில் மொத்தம் எத்தனை பேர்? எத்தனை பயிற்சியாளர்கள்? ஒரு பயிற்சியாளருக்கு ஆறு முதல் எட்டு பேர் என்றால்தான் ஒவ்வொருவரின் கேமராவையும் பார்த்துத் திருத்த நேரம் கிடைக்கும். இருபது பேரை அழைத்துப் போனால் அது சுற்றுலாதான்.

2. பயிற்சியாளர் அன்றைக்குச் சொல்லித் தருவாரா, அல்லது அவரும் தன் படங்களை எடுத்துக்கொண்டிருப்பாரா? நேரடியாகவே கேட்கலாம், தப்பில்லை.

3. கட்டணத்தில் எதெல்லாம் அடங்கும்? போக்குவரத்து, சாப்பாடு, நுழைவுக் கட்டணம், கேமராவுக்கான கட்டணம் எல்லாம் சேர்த்தா, தனியா?

4. மழை பெய்தாலோ, சரணாலயம் மூடப்பட்டாலோ பணம் திரும்பக் கிடைக்குமா, அல்லது வேறு தேதி தருவார்களா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கி வைப்பது பாதுகாப்பு.

5. கழிப்பறை வசதி எங்கே இருக்கிறது? எந்த நேரத்தில் வண்டி நிற்கும்? பெண்கள் மட்டுமல்ல, சர்க்கரை நோய் உள்ளவர்களும் வயதானவர்களும் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி இது.

6. முதலுதவிப் பெட்டி இருக்கிறதா? அவசரம் என்றால் எந்த மருத்துவமனை?

இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாத ஏற்பாட்டாளரைத் தவிர்த்துவிடலாம்.

பெரிய லென்ஸ் கண்டிப்பா வேணுமா?

எல்லோருக்கும் வரும் முதல் சந்தேகம் இதுதான். பறவைப் படங்களுக்கு 300 எம்எம்-க்குக் குறைவான லென்ஸ் பெரும்பாலும் போதாது என்பது உண்மை. ஆனால் அதற்காகக் கடன் வாங்கி லென்ஸ் வாங்க வேண்டியதில்லை.

ஆரம்ப நிலை கேமராக்களில் பெரும்பாலானவை க்ராப் சென்சார் கொண்டவை. அதில் 70-300 எம்எம் லென்ஸைப் பொருத்தினால், படத்தில் தெரியும் காட்சி 450 எம்எம் லென்ஸில் தெரிவதற்கு இணையாக இருக்கும். வேடந்தாங்கல் போன்ற இடத்தில் பறக்கும் பறவைகளுக்கும் கூட்டமாக இருக்கும் பறவைகளுக்கும் இது போதும். இன்னும் நெருக்கமாக வேண்டும் என்றால் 100-400 அல்லது 150-600 எம்எம் லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம். சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள்.

வாடகைக்கு எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

• உங்கள் கேமராவின் மவுண்டுக்குப் பொருந்துமா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.
• ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்கிறதா, ஜூம் இறுக்கமாக இருக்கிறதா என்று நான்கைந்து படங்கள் எடுத்துப் பாருங்கள்.
• லென்ஸில் ஏற்கெனவே கீறல், பூஞ்சை இருந்தால் கடைக்காரர் முன்னிலையிலேயே மொபைலில் படம் எடுத்து வையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது பிரச்சினை வராது.
• முடிந்தால் முதல் நாளே எடுத்துவிடுங்கள். இரண்டு கிலோ எடையுள்ள லென்ஸைக் கையில் பிடித்துப் பழகவே கொஞ்ச நேரம் ஆகும்.

மொபைல் மட்டும்தான் இருக்கிறது என்பவர்கள், ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தூரத்துப் பறவையின் முகத்தை மொபைலில் எடுப்பது கஷ்டம். ஆனால் விடிகாலை ஏரி, கூட்டமாகத் திரும்பும் பறவைகளின் நிழலுருவம், கரையோரக் கிராமம் ஆகியவற்றை எடுக்க மொபைல் தாராளமாகப் போதும்.

ஒரு வாரம் முன்பே வீட்டில் பழகுங்க!

ஏரிக்கரையில் நின்று மெனுவைத் தேடுவதுதான் புதியவர்கள் அதிகம் நேரம் இழக்கும் இடம். இதைத் தவிர்க்க ஒரே வழி, வீட்டிலேயே பழகுவது. மொட்டை மாடியில் காக்கை, புறா, மைனா எதுவானாலும் சரி. தெருவில் மாட்டுக்குப் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கு இன்னும் நல்ல பயிற்சி. ஏரியில் எடுக்கப்போகும் வெள்ளைப் பறவைகளும் இதே சிக்கலைத்தான் தரும்.

கண்ணை மூடிக்கொண்டே இந்த நான்கையும் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

ஷட்டர் வேகம்: உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடி போதும் என்பார்கள். ஆனால் நீளமான லென்ஸைக் கையில் பிடித்து எடுத்தால் கை நடுக்கமும் படத்தில் தெரியும். க்ராப் சென்சாரில் 400 எம்எம் லென்ஸ் என்றால் குறைந்தது 1/640 வைப்பது நல்லது. பறக்கும் பறவைக்கு 1/1600 முதல் 1/2000 வரை தேவைப்படும்.

ஐஎஸ்ஓ: விடிகாலையில் இவ்வளவு வேகமான ஷட்டருக்கு வெளிச்சம் போதாது. ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்து, உச்சவரம்பை 3200 அல்லது 6400 என்று அமைத்துக்கொள்ளலாம். புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரிந்தாலும் பின்னால் ஓரளவு சரிசெய்யலாம். அசைந்து மங்கிய படத்தைச் சரிசெய்ய முடியாது.

ஃபோகஸ்: பறவை நகரும்போது கூடவே ஃபோகஸும் நகரும் தொடர் ஃபோகஸ் மோடுதான் சரி. ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. கேனானில் ஏஐ சர்வோ அல்லது சர்வோ ஏஎஃப், நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. புதிய மிரர்லெஸ் கேமராக்களில் பறவையின் கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதை ஆன் செய்துவிடுங்கள்.

எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்: இதுதான் பலரும் விட்டுவிடும் விஷயம். இருண்ட மரத்துக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால், கேமரா மொத்தக் காட்சியும் இருட்டு என்று கணக்குப் போட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கின் இறகு விவரமே இல்லாமல் வெள்ளைத் திட்டாகிவிடும். அப்போது மைனஸ் பக்கம் அரை முதல் ஒரு ஸ்டாப் வரை குறைக்க வேண்டும். பளிச்சென்ற வானத்தில் கறுப்பு நீர்க்காகம் பறந்தால் நேர் எதிர். பிளஸ் பக்கம் கூட்ட வேண்டும்.

படங்களை ரா ஃபார்மட்டில் எடுத்தால் பின்னால் திருத்த இடம் அதிகம். ஆனால் அதற்கு மெமரி கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

மெமரி கார்டு, பேட்டரி... கணக்கு இதுதான்!

24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் சுமார் 25 முதல் 30 எம்பி வரும். நொடிக்கு 10 படங்கள் எடுக்கும் கேமராவில் மூன்று நொடி பட்டனை அழுத்திப் பிடித்தாலே 30 படங்கள், ஏறத்தாழ 800 எம்பி காலி. 64 ஜிபி கார்டில் இப்படி எழுபது எழுபத்தைந்து முறைதான் அழுத்த முடியும். காலை முதல் மாலை வரை இருக்கும் ஒரு நாளுக்கு இரண்டு 64 ஜிபி கார்டுகள் இருந்தால் நிம்மதி. பழைய படங்களை வேறு இடத்தில் சேமித்துவிட்டு, கேமராவிலேயே கார்டை ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.

டிஎஸ்எல்ஆர் பேட்டரி ஒரு நாள் தாங்கலாம். மிரர்லெஸ் கேமராக்களில் திரை எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதால் சார்ஜ் வேகமாக இறங்கும். கூடுதலாக ஒரு பேட்டரி கட்டாயம். கேமராவில் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எந்தப் பறவையை எப்போது பார்த்தோம் என்று பின்னால் குறித்துவைக்க அது உதவும்.

இன்னொன்று: கேமரா சாஃப்ட்வேர் அப்டேட்டை முதல் நாள் ராத்திரி செய்ய வேண்டாம்.

பேக்கில் வேறு என்ன இருக்கணும்?

• குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீர், பிஸ்கட் அல்லது கடலை மிட்டாய்
• வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், ஓஆர்எஸ் பாக்கெட், பேண்டேஜ்
• தொப்பி, கொசு விரட்டும் க்ரீம்
• மழைக்கு ரெயின் கவர். இல்லாவிட்டால் பெரிய பிளாஸ்டிக் கவரும் இரண்டு ரப்பர் பேண்டும் போதும்
• லென்ஸ் துடைக்கும் மைக்ரோ ஃபைபர் துணி
• அடையாள அட்டை, சில்லறையாகக் கொஞ்சம் பணம். நெட்வொர்க் இல்லாத இடத்தில் யுபிஐ கைகொடுக்காது
• சிறிய நோட்டு, பேனா
• இருந்தால் ஒரு பைனாகுலர். 8x42 அளவு பறவை பார்க்க ஏற்றது

உடை விஷயத்தில் பச்சை, பழுப்பு, காக்கி போன்ற மங்கலான நிறங்கள் நல்லது. பளீர் வெள்ளை, சிவப்பு வேண்டாம். முழுக்கை சட்டை, பேன்ட், மூடிய ஷூ. சென்ட் அடித்துக்கொள்வதைத் தவிர்க்கவும்.

காலையில் ஏசி காரில் போறீங்களா? இதை மறக்காதீங்க!

சூரிய உதயத்துக்கு முன் ஏரிக்கரையில் இருக்க வேண்டும் என்றால், சென்னையில் இருந்து அதிகாலை 4 மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டும். ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் இருந்து வலது பக்கம் திரும்ப வேண்டும். சரணாலயம் திறக்கும் நேரத்தை முந்தைய நாளே வனத்துறையிடமோ ஏற்பாட்டாளரிடமோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

வண்டியில் இரண்டு மணி நேரம் ஏசி ஓடினால் கேமராவும் லென்ஸும் ஜில்லென்று ஆகிவிடும். ஏரிக்கரையில் ஈரமான காற்று பட்டதும் லென்ஸ் மீது பனி படர்ந்ததுபோல் மூடிவிடும். துடைத்தாலும் மறுபடி வரும். சில நேரம் அரை மணி நேரம்கூட எடுக்கும். அதற்குள் உதய வெளிச்சம் போய்விடும். கடைசி 20 நிமிடம் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டால் இந்தப் பிரச்சினை இருக்காது. கேமராவை ஜிப் மூடிய பையிலேயே வைத்து, வெளியில் வந்த பிறகு மெதுவாகத் திறப்பதும் உதவும்.

கூடு இருந்தால் ஏன் கிட்ட போகக்கூடாது?

சிறு குழு ஒர்க்‌ஷாப்களில் அதிகம் மீறப்படும் விதி இதுதான். கூடு, முட்டை, குஞ்சுக்கு இரை ஊட்டும் காட்சி எல்லாம் லைக்ஸ் அள்ளும் படங்கள். ஆனால் ஆட்கள் நெருங்கினால் தாய்ப் பறவை கூட்டை விட்டுப் பறந்துவிடும். அது திரும்பி வரும் வரை குஞ்சுகள் நேரடி வெயிலில் கிடக்கும். காக்கையும் பருந்தும் அந்த இடைவெளிக்காகத்தான் காத்திருக்கும். ஒருவர் போய்ப் பத்து நிமிடம் நின்றாலே பாதிப்பு உண்டு. எட்டு பேர் மாறி மாறிப் போனால்?

சட்டமும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே, காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் சேர்க்கப்பட்டுள்ளன. துப்பாக்கி இருந்தால்தான் வேட்டை என்பதில்லை. சரணாலயத்துக்குள் விலங்குகளையும் பறவைகளையும் சீண்டுவதற்கும், குப்பை போடுவதற்கும் இதே சட்டத்தில் தடை இருக்கிறது.

வேடந்தாங்கலில் மரங்கள் தண்ணீருக்கு நடுவில் இருப்பதால் கரையில் இருந்து எடுப்பதே பாதுகாப்பான தூரம். தண்ணீரில் இறங்குவதோ, பறவைகள் பறக்க வேண்டும் என்று கை தட்டுவதோ, கல் எறிவதோ கூடவே கூடாது. பயிற்சியாளரே அப்படிச் செய்யச் சொன்னாலும் மறுக்கலாம். மொபைலில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் தவறு. எதிரி வந்துவிட்டது என்று நினைத்து அந்தப் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். ஃபிளாஷ் வேண்டாம். வனத்துறை அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடுவது சிக்கலில் கொண்டுபோய் விடும்.

படத்தைப் பகிரும்போதும் கவனம் தேவை. ஆந்தை போன்ற அரிதாகத் தென்படும் பறவையின் கூட்டை வேறு எங்காவது பார்த்தால் அதன் துல்லியமான இடத்தைப் பதிவிட வேண்டாம். அடுத்த வாரம் அங்கே கூட்டம் கூடிவிடும்.

ஊர் மக்கள் காப்பாற்றிய ஏரி

வேடந்தாங்கலில் பறவைகள் இன்றும் இருக்க முக்கியக் காரணம் அந்த ஊர் மக்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பது தலைமுறைகளாக அவர்கள் கண்ட அனுபவம். 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடுவதைத் தடுக்கக் கோரி அப்போதைய கலெக்டர் லயனெல் பிளேஸிடம் முறையிட்டு உரிமை பெற்றவர்கள் இவர்கள். பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே தவிர்த்துவரும் ஊர் இது.

அங்கே போய் வேன் ஹாரன் அடிப்பதும், ஸ்பீக்கரில் பாட்டு போடுவதும் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். ஊர் மக்களைப் படம் எடுப்பதாக இருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள். வயல் வரப்பில் ட்ரைபாட் ஊன்றும் முன்பும் கேளுங்கள்.

குழுவில் எப்படி நடந்துக்கணும்?

சிறு குழுவில் ஒருவரின் அவசரம் எல்லோரின் படத்தையும் கெடுக்கும். மற்றவரின் லென்ஸுக்கு முன்னால் நடக்காதீர்கள். பார்வைக் கோபுரத்தில் இடம் குறைவு என்பதால், ட்ரைபாட்டின் கால்களை விரிக்காமல் மோனோபாட் பயன்படுத்துவது நல்லது. படிகளில் பையை வைத்து வழியை மறிக்காதீர்கள்.

பயிற்சியாளரிடம் கேட்க மூன்று கேள்விகளை முன்பே எழுதிக்கொண்டு போங்கள். "படம் ஷார்ப்பா வரலை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, அப்படி வந்த இரண்டு படங்களை மொபைலில் காட்டினால் காரணம் சீக்கிரம் பிடிபடும். ஷட்டர் வேகமா, ஃபோகஸா, தூரமா என்று அவர் பார்த்துச் சொல்லிவிடுவார்.

மதியம் 11 மணிக்கு மேல் வெளிச்சம் கடுமையாகிவிடும். அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் எல்லோர் படங்களையும் வைத்து அலசல் நடக்கும். உங்கள் படத்தைக் காட்டக் கூச்சப்பட வேண்டாம். கட்டிய கட்டணத்தில் பாதி அதற்காகத்தான்.

பாம்பு, தேனீ, இடி... அவசரம்னா என்ன செய்யணும்?

ஏரிக்கரை, புதர் இருக்கும் இடத்தில் பாம்பு இருப்பது சகஜம். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபடியே பின்னால் நடக்காதீர்கள். புல்லுக்குள் கையை வைக்காதீர்கள். பாம்பு கடித்துவிட்டால் கடிவாயை அறுப்பது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மரத்தில் தேன்கூடு தெரிந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். இடி மின்னல் தொடங்கினால் ட்ரைபாடைக் கீழே வைத்துவிட்டு, மரத்தடியிலோ திறந்த கரையிலோ நிற்காமல் வண்டிக்குள் போய்விடுங்கள். எந்தப் படமும் உயிரைவிடப் பெரியதல்ல.

வீட்டில் இருப்பவர்களிடம் போகும் இடம், ஏற்பாட்டாளரின் எண், வண்டி எண், திரும்பும் நேரம் ஆகியவற்றைச் சொல்லிவிட்டுப் புறப்படுவது எல்லோருக்கும் பொருந்தும்.

திரும்பி வந்ததும் செய்ய வேண்டியவை

அன்று இரவே படங்களை இரண்டு இடங்களில் சேமியுங்கள். அதுவரை கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். ஆயிரம் படங்கள் இருந்தாலும், முதலில் தெளிவாக இல்லாதவற்றை நீக்கி, அதில் இருந்து நல்ல இருபதை மட்டும் பிரியுங்கள். மழையில் நனைந்திருந்தால் கேமராவைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வாடகை லென்ஸை நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கிளம்பும் முன் கடைசி செக்லிஸ்ட்

✔ இரண்டு பேட்டரிகளும் முழு சார்ஜ்
✔ இரண்டு கார்டுகளும் காலி
✔ ஒரு கார்டு கேமராவுக்குள்ளேயே இருக்கிறது
✔ தொடர் ஃபோகஸ், ஆட்டோ ஐஎஸ்ஓ அமைத்தாயிற்று
✔ ஃபிளாஷும் பீப் சத்தமும் ஆஃப்
✔ தண்ணீர், மாத்திரை, தொப்பி, ரெயின் கவர்
✔ அடையாள அட்டை, சில்லறை
✔ வானிலை அறிவிப்பு பார்த்தாயிற்று
✔ வீட்டில் விவரம் சொல்லியாயிற்று

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலை மூன்றரை மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கிளம்பும்போது உதவும்.